கல்லான மரங்களும் காக்க வேண்டிய கடமையும்

பழமையைப் போற்றுவதில் தமிழர்க்கு நிகர் தமிழரே என்று நாம் மேடைதோறும் முழங்கி வருகிறோம். ஈராயிரம் ஆண்டு இலக்கியம், கல்வெட்டு, செப்பேடு, நடுகல் என நாம் எண்ணிப் பெருமை கொள்ளத்தக்கவை பல. அப்பெருமை பொய்யன்று. ஆயினும், நம் மொழியின் பழமையோடு நம் மண்ணின் பழமை முடிந்துவிடுவதில்லை. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் மீளத்தக்க தொலைவில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றைச் சென்று கண்டோர் நம்முள் எத்தனை பேர்? கண்டோருள், நினைவுக்கென ஒரு துண்டைக் கைப்பையில் இடாமல் திரும்பியோர் எத்தனை பேர்? இவ்விரு வினாக்களையும் மாணவர் முன்னும், ஆசிரியர் முன்னும், சமுதாயப் பெரியோர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாலையே ஒரு பாடம்

மரக்காணத்திலிருந்து பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையை நாம் பேருந்துச் சாலையாக மட்டுமே அறிவோம். சற்றே கண்ணைத் திறந்து நோக்கின் அது காலத்தின் படிக்கட்டாகத் தோன்றும். கிழக்கே கடல், அதனை ஒட்டிக் கழுவெளியின் பரந்த நீர்ப்பரப்பு, அதன் அருகே வெண்மை பூத்த உப்புப் பாத்திகள். சிறுபாணாற்றுப்படை கூறும் நல்லியக்கோடனின் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இக்கரையிலேயே இருந்தது என்பர் ஆய்வாளர். உள்நாட்டில் பெருமுக்கல் குன்றில், எழுத்து தோன்றுவதற்கு முன் மனிதன் கல்லில் கீறிய உருவங்கள் உள்ளன. திண்டிவனத்தை அடுத்துள்ள கிடங்கல் அதே நல்லியக்கோடனின் ஊர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் தமிழ்க் கல்லூரியால் பெயர் பெற்ற மயிலம். அதனையும் கடந்து செம்மண் நிலத்தினூடே சென்றால் வானூர் வட்டத்துத் திருவக்கரை.

இவ்வாறு, இன்றைய உப்பளத்தில் தொடங்கி, சங்ககாலப் பட்டினத்தைத் தொட்டு, எழுத்தறியா மனிதனின் குகையைக் கடந்து, மனிதனே தோன்றாத காலத்தில் ஒரே நாளில் நின்றுவிடலாம். இத்தகைய பயணத்தை அளிக்கும் சாலைகள் உலகில் மிகப் பலவல்ல. நம் பிள்ளைகளையோ நாம் தொலைதூரக் கேளிக்கை இடங்கட்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம்.

திருவக்கரையில் காண்பது யாது?

திருவக்கரையில் கிடப்பவை மரத்தைப் போன்ற கற்கள் அல்ல. ஒரு காலத்தில் மரமாகவே நின்றவை. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலார் இவற்றைக் குறித்து வைத்துள்ளார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. சுமார் 247 ஏக்கர்ப் பரப்பில், தனித்தனிப் பகுதிகளாகக் கல்மரங்கள் பரவிக் கிடக்கின்றன. பார்வையாளர்க்குத் திறந்துள்ளது அதில் ஒரு சிறு பகுதியே. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுடைய ஏறத்தாழ 200 அடிமரங்கள் இங்கு உள்ளன.

இம்மரங்களை நோக்குவார் ஒன்றை உடனே உணர்வர். யாவும் படுத்துக் கிடக்கின்றன, நிற்பது ஒன்றுமில்லை. கிளையில்லை, பட்டையில்லை, இலையின் சுவடுமில்லை. அவை அவ்விடத்திலேயே வளர்ந்து வீழ்ந்தவை அல்ல என்பதற்கு இதுவே சான்று. எங்கோ மேட்டு நிலத்தில் செழித்திருந்த காட்டைப் பெருவெள்ளம் ஒன்று வேரோடு பெயர்த்து உருட்டி வந்து, வழியெல்லாம் கிளை முறித்துப் பட்டை உரித்து, இங்கே மணலில் புதைத்துவிட்டது என்பர் அறிஞர். கல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் உயிரணுக்கள் வரிசை மாறாமல் தெரிகின்றன. அவற்றைக் கொண்டு மாமரக் குடும்பம், புளியின் இனம், ஆமணக்குக் குடும்பம், மருதும் கடுக்காயும் சேர்ந்த குடும்பம் எனப் பிரித்தறிந்துள்ளனர். நம் வீட்டு முற்றத்து மாவுக்கும் சாலையோரப் புளிக்கும் 2 கோடி ஆண்டு முதிய உறவினர் திருவக்கரையில் உளர் என்று கூறின் அது மிகையாகாது.

மரம் கல்லாகும் விந்தை நகரத்து மாணவனுக்குப் புரியாமற் போகலாம். உப்பளத்து மாணவனுக்கு அது எளிதிற் புரியும். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. அதனுள் உப்பு இருப்பதைக் கண் காண்பதில்லை. நீர் நீங்கியதும் அது சுமந்து வந்தது வெண்படிகமாக நின்றுவிடுகிறது. மணலுள் புதைந்த மரத்திலும் நிகழ்ந்தது இதற்கு நெருங்கிய ஒன்றே. காற்றுப் புகாமையால் மரம் விரைவில் மட்கவில்லை. மணற்சத்தாகிய சிலிக்காவைக் கரைத்துக் கொண்ட நிலத்தடி நீர் மரத்தின் நுண்துளைகளுள் ஊறியது. தான் சுமந்ததை அங்கே இறக்கிவைத்தது. உப்பளத்தில் வெயில் சில நாளில் செய்வதை, இங்கே இருளும் பொறுமையும் நெடுங்காலத்தில் செய்து முடித்தன. மரம் போயிற்று, மரத்தின் வடிவம் கல்லாகி நின்றது.

இவ்வாராய்ச்சி மேனாட்டார் தந்த புதுமை என எண்ணுவாரும் உளர். பதினோராம் நூற்றாண்டினராகிய இப்னு சீனா தம் 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலில் கற்கள் உருவாவதையும் உயிர்ப்பொருள் கல்லாவதையும் ஆராய்ந்துள்ளார். அவர் காலத்தவரான அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், மலையருகே உருண்டைப் பெருங்கற்களும், தொலைவு செல்லச் செல்லச் சிறு கற்களும், ஆற்று முகத்தே மணலும் இருப்பதை நோக்கி, வடநாட்டுச் சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று முடிவு கட்டினார். ஆழ்ந்த நம்பிக்கையும் கூர்ந்த நோக்கும் ஓருள்ளத்தே ஒன்றியிருத்தல் இயலும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

திருவக்கரை மக்களிடையே வேறொரு வழக்கும் உண்டு. வக்கராசுரன் என்னும் அசுரனின் எலும்புகளே இக்கற்கள் என்பது அது. அறிவியல் கற்றோர் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. நாம் நகைக்க மாட்டோம். இக்கற்கள் ஏனைய கற்களைப் போன்றவையல்ல, உயிரோடு தொடர்புடையவை என்பதை அம்மக்கள் யாருடைய துணையுமின்றிக் கண்டுகொண்டனர் என்பதே அக்கதை நமக்குச் சொல்லும் செய்தி. அசுரனின் எலும்பு என்று கருதியவன் அதனை வீட்டுப் படிக்கல்லாக்கத் தயங்கியிருப்பான். கதையை விடுத்த நாம், அதற்கு ஈடாக அறிவையேனும் பெற்றோமா என்பதே கேள்வி.

சுவடும் எலும்பும்

திருவக்கரை சென்று திரும்பும் மாணவர் பெரும்பாலும் கேட்பது, "டைனோசர் இம்மரங்களின் நிழலில் நின்றிருக்குமா?" என்பதே. இல்லை. டைனோசர்கள் அற்றொழிந்து ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இம்மரங்கள் நின்றதோ 2 கோடி ஆண்டுகட்கு முன். இடைவெளி மட்டுமே 4 கோடி ஆண்டுகட்கு மேல். பழமை என்பது ஒரே இருட்டறையன்று. அதற்குள்ளும் முன்னும் பின்னும் உண்டு என்பதை இச்சிறு கணக்கு உணர்த்தும்.

டைனோசரின் காலடியைக் காண விழைவோர் இராஜஸ்தானத்துப் பாலைக்குச் செல்ல வேண்டும். ஜெய்சல்மேர் அருகே தையாத் என்னுமிடத்துப் பாறையில், 2014ஆம் ஆண்டில், மூவிரல் கொண்ட இருவகைச் சுவடுகளைப் பன்னாட்டு அறிஞர் குழுவினர் கண்டறிந்தனர். ஒன்று ஏறத்தாழ 30 செ.மீ. நீளம், மற்றது உள்ளங்கையில் அடங்கும் சிறுசுவடு. 17 கோடி ஆண்டுகட்கும் முற்பட்ட ஜுராசிக் காலத்துப் பாறை அது. இன்று ஒட்டகம் நடக்கும் அப்பாலை அன்று ஈரக் கடற்கரை! அங்கும் உப்பளத்து மாணவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பாத்தியின் களிமண்ணைத் தொழிலாளர் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவதை அவன் கண்டவன். ஈரம் மிகுந்தால் சுவடு குழைந்து மறையும். காய்ந்துவிட்டால் சுவடு பதியாது. பதம் வாய்த்த மண்ணில் விழுந்த அடி மட்டுமே நிற்கும். அவ்வாறு நின்ற அடியின்மேல் அடுத்த வெள்ளம் மெல்ல வண்டலைப் போர்த்தினால் அது பாறைக்குள் அடைக்கலம் பெறும். கோடிக்கணக்கான அடிகளுள் ஓரடிக்கே அப்பேறு வாய்க்கிறது. அதனால்தான் அதன் மதிப்பும் பெரிது.

நம் மாநிலத்திலும் டைனோசர் வாழ்ந்தது. அச்செய்தி நமக்குப் பெருமையோடு துயரத்தையும் தருவதாகும். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்னும் புவியியல் அறிஞர் இருவர் 1987ஆம் ஆண்டில் அவ்விலங்குக்குப் 'புருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பேருடல் படைத்த பல்லி என்பது பொருள். அதன் முன்கால் எலும்பு அன்று. பின்காலின் கீழெலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்தனர். நிலத்தில் நடந்த விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் இன்று அவ்வெலும்பு எங்கே? எங்குமில்லை. உதிரும் தன்மையுடைய அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்தொழிந்தன. பொருள் அழிந்த பின்னர் உலக அறிஞர் பலர் ஐயம் எழுப்பினர். அஃது எலும்புதானா, அன்றிக் கல்லாகிய அடிமரமா என்றே சிலர் வினவினர். 2022ஆம் ஆண்டில் அய்யாசாமியும் மற்றோர் ஆய்வாளரும் பழைய நிழற்படங்களை வெளியிட்டு அவை எலும்புகளே என நிறுவ முயல வேண்டியதாயிற்று.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோடி கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய எலும்பு, மனிதன் கையில் வந்த சில ஆண்டுகளில் இல்லாதொழிந்தது. பொருள் இருந்தால் அது தானே சாட்சி கூறும்; பொருள் போனபின் நாம் எவ்வளவு உரக்கக் கூறினும் அது வழக்காகவே நிற்கும், முடிவாகாது.

ஒரு துண்டுதானே?

"இத்தனை கிடக்கிறதே, ஒரு துண்டு எடுத்தால் என்ன?" என்று கேட்போர்க்கு அமெரிக்க நாட்டு அரிசோனா பாலையிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அங்குள்ள கல்மரக் காடு 1906ஆம் ஆண்டிலேயே அரசின் காவலுக்குட்பட்டு, 1962ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. பார்வையாளர் திருட்டுத்தனமாக எடுத்துச் சென்ற கற்கள் ஆண்டுதோறும் அஞ்சலில் திரும்பி வருகின்றன. உடன் மன்னிப்புக் கடிதங்களும் வருகின்றன. ஆனால் அக்கற்களை மீண்டும் காட்டில் இடுவதில்லை. எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்பதை எவரும் அறியார். தவறான இடத்தில் இட்டால் ஆராய்ச்சியே பிழைபடும். எனவே அவை ஓரிடத்தில் குவியலாகக் கொட்டப்பட்டுள்ளன. அதனை 'மனச்சான்றுக் குவியல்' என்றே அங்குள்ளோர் அழைக்கின்றனர். இடம் பெயர்ந்த கல் சாட்சி சொல்லும் ஆற்றலை இழந்துவிடுகிறது. திருப்பித் தந்தாலும் திரும்பாதது அது.

அதே அரிசோனாவில் நாம் பின்பற்றத்தக்க காட்சியும் உண்டு. பாலை நெடுஞ்சாலை ஒன்றின் அருகே, தூபா நகருக்கு மேற்கே, நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் டைனோசர்க் காலடிகள் நிறைந்த பாறைப்பரப்பு உள்ளது. அவ்வூர் மக்களே வழிகாட்டிகளாக நின்று, குடுவை நீரைச் சுவட்டில் ஊற்றி, பளிச்செனத் தெரியச் செய்து, விளக்கிக் காட்டுகின்றனர். வருவோர் மகிழ்ந்து தருவதைப் பெற்றுக்கொள்கின்றனர். தன் நிலத்தின் சுவடு தனக்குச் சோறும் தருகிறது என்று அறிந்தவன் அதனைப் பெயர்க்க விடான்.

ஒரு மறுப்பும் நம் விடையும்

நம் கருத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. வெறுங்காலோடு உவர்ச்சேற்றில் நின்று, கண் கூசும் வெயிலில் உப்பு வாரி, மழைக்காலத்தில் வேலையின்றி வாடும் குடும்பத்துக்குக் கல்மரத்தால் என்ன பயன்? பசித்தவன்முன் பழங்கதை பேசலாமா?

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். எந்தப் பூங்காவும் அத்தனை வயிறுகளையும் நிரப்பிவிடாது என்பதை ஒப்புகிறோம். உப்பளத் தொழிலாளரின் கூலியும் நலனும் தனியே போராடிப் பெற வேண்டியவை. ஆயினும், ஏழையின் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதும், வியப்பு வேண்டா என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு எவர் தந்தது? வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு அருங்காட்சியகத்தைக் கண்டு மீள்கிறான். உப்பளத்துப் பிள்ளைக்குத் தன் மாவட்டத்துத் திருவக்கரையே அருங்காட்சியகம். அதனையும் துண்டு துண்டாக இழக்க விடுவோமாயின், இழப்பவன் அவனே. மேலும், திருவக்கரையைச் சூழ்ந்த பகுதி கல்குவாரிகள் மிகுந்தது. உடைத்து விற்ற கல் ஒரு முறையே காசாகும். காத்துக் காட்டும் கல் தலைமுறை தலைமுறையாய்ப் பயன் தரும்.

செய்யத்தக்கவை

புவியியல் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் காப்பதற்கான சட்ட வரைவொன்றை நடுவண் அரசின் சுரங்க அமைச்சகம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. சட்டம் வேண்டும், வேலியும் வேண்டும், காவலரும் வேண்டும். ஆனால் காவலர் கண் அயரும் நேரத்திலும் காப்பது பார்வையாளரின் அறிவு ஒன்றே. ஆதலின், கல்லூரிகள் செய்யத்தக்க சிலவற்றை இங்கே முன்மொழிகிறோம்.

முதலாவதாக, தமிழ்த்துறைகள் இப்பணியில் இறங்க வேண்டும். "கல்லுக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு?" எனக் கேட்கலாம். புதைபடிவம், கல்மரம், தொல்லுயிர் எச்சம் என்று சொற்கள் நம்மிடம் உள்ளன. அச்சொற்களைக் கொண்டு ஓர் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு விளங்கும் வகையில் எழுதிய சிறு கையேடே தேவை. புவியியல் கற்ற ஆசிரியர் பொருளைத் தரட்டும். தமிழாசிரியர் நடையைத் தரட்டும். அறிவியலைத் தமிழில் தருவோம் எனத் தீர்மானம் இயற்றுவதினும் இவ்வொரு கையேடு மேலானது.

இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒரு நாள், முதலாண்டு மாணவர் அனைவரையும் திருவக்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடன் மரக்காணம், பிரம்மதேசம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இருக்கை ஒதுக்க வேண்டும். கல்விக்கு வாரி வழங்கும் நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு பேருந்தின் வாடகை பெரும்பாரமன்று. பேருந்தில் ஏறுமுன் ஒரே ஓர் உறுதிமொழி: பார்ப்போம், வரைவோம், படமெடுப்போம், கல்லை எடுக்க மாட்டோம்.

மூன்றாவதாக, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் சிற்றூர்களில் படிக்கல்லாகவும் திண்ணைக் கல்லாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் கல்மரம் கிடப்பதைக் கண்டால், அதனைப் பெயர்க்காமல், இடத்தையும் அளவையும் குறித்து, நிழற்படம் எடுத்துத் துறையில் சேர்ப்பிக்கலாம். கல்லமேட்டு எலும்புக்குக் கடைசியில் துணை நின்றவை நிழற்படங்களே என்பதை மறத்தலாகாது.

நான்காவதாக, சுற்றுவட்டார இளைஞர்க்கு வழிகாட்டிப் பயிற்சி அளிக்க வேண்டும். தன் ஊரின் கதையைத் தன் மொழியில் பிழையின்றிச் சொல்லத் தெரிந்த பத்து இளைஞர், நூறு அறிவிப்புப் பலகைகட்கு நிகராவர்.

நாம் பெரும் பொருளோ பேராற்றலோ கேட்கவில்லை. ஒரு கையேடு, ஒரு பேருந்து, ஒரு குறிப்பேடு, சில இளைஞர். இவ்வளவே. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று ஏறத்தாழ 12 கோடி ஆண்டு முதுமையோடு கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டு சொன்னதனால் அது காக்கப்பட்டது. கண்டு சொல்ல ஒருவர் இருந்ததால் சாத்தனூர் மரம் நிலைத்தது. காத்து வைக்க வழியின்றிக் கல்லமேட்டு எலும்பு மறைந்தது. திருவக்கரை மரங்கள் இவ்விரண்டனுள் எதன் வழிச் செல்லும் என்பதை முடிவு செய்யப்போவது நம் தலைமுறையே. வெள்ளம் புரட்டியும் மண் மூடியும் அழியாதவை, நம் கைப்பையால் அழிந்தன என்று பின்வருவோர் எழுத இடம் தரலாகாது.